மாடியறைக் கனடா

பிப்ரவரி 6

விளக்கு வந்துவிட்டது. எங்கள் விதைக் கடைக்குச் சரக்கு எடுக்கக் கோயமுத்தூர் போன அப்பா, மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். தலைவாரும் பிரஷ் அளவுதான் இருக்கிறது. ஒரு கைப்பிடி, அதன் முனையில் விரல் நீளக் குழல் விளக்கு, நேரம் வைக்க ஒரு பொத்தான், கண்ணுக்குப் போட்டுக்கொள்ளக் கறுப்புக் கண்ணாடி.

ஈரோட்டு டாக்டரம்மா சொன்னது வேறு. வாரத்துக்கு மூன்று நாள் மருத்துவமனைக்கே வந்து, அங்கே இருக்கும் பெரிய ஒளிப்பெட்டிக்குள் நிற்கச் சொன்னார். "வெண்புள்ளிக்கு இது நல்ல வைத்தியம்தான், ஆனா பொறுமை வேணும். ஒரு வருஷம்கூட ஆகலாம். யாருக்கும் ஒட்டாது, உயிருக்கும் ஒண்ணும் பண்ணாது. அவசரப்படாதீங்க" என்றார். அந்த மருத்துவமனை வாசலில் மருந்துக்கடை வைத்திருப்பவர் அப்பாவுக்குப் பங்காளி முறை. வாரம் மூன்று தடவை அவர் கண்ணில் பட முடியாது. அதனால்தான் வீட்டு விளக்கு. டாக்டரம்மா அரைமனதாக எழுதிக் கொடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள், நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், தோல் லேசாக ரோஜா நிறம் காட்டினால் போதும். கண்ணாடி இல்லாமல் விளக்கைத் தொடவே கூடாது. இமைக்கு வீட்டில் விளக்குப் பிடிக்கவே கூடாது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. புற ஊதாக் கதிர் என்றால் என்ன என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நடத்தியவள் நான். போன ஜூனில் வேலையை விட்டேன். நானாகத்தான் விட்டேன். பெற்றோர் சிலர் பிரின்சிபாலிடம் ஏதோ கேட்டிருக்கிறார்கள். அவர் என்னை உட்கார வைத்து, காபி வரவழைத்து, நல்லவிதமாகத்தான் பேசினார்.

இன்று தாடையில் மட்டும் பிடித்தேன். சூடுகூடத் தெரியவில்லை.

பிப்ரவரி 16

தங்கை ஹேமாவைப் பெண் பார்க்கக் காங்கேயத்திலிருந்து வந்திருந்தார்கள். எண்ணெய் மில் குடும்பம். மாப்பிள்ளை பெயர் நவநீதன். நான் மாடி அறையில் இருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. "கீழ ஒரே கூட்டமா இருக்கும், உனக்கு எதுக்குக் கண்ணு அலைச்சல்" என்றுதான் அம்மா சொன்னாள். காலையிலேயே சாப்பாடும் தண்ணீரும் மேலே வந்துவிட்டன.

சிரிப்புச் சத்தம் கேட்டது. ஹேமா கேசரி செய்திருந்தாள். மிச்சத்தை மாலையில் கொண்டுவந்து கொடுத்தாள். ஏலக்காய் கொஞ்சம் தூக்கல். பிடித்துப்போய்விட்டதாம்.

பிப்ரவரி 21

ஒரு சிக்கல். மூத்தவள் இருக்கும்போது இளையவளுக்கு ஏன் முதலில் பார்க்கிறீர்கள் என்று கேள்வி வந்திருக்கிறது. நான் கனடாவில் மேல்படிப்பு படிப்பதாகவும், இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்பதாகவும் பதில் போயிருக்கிறது. வாய் தவறி வந்துவிட்டதாம். யார் வாய் என்று நான் கேட்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா, "சொன்னது சொல்லியாச்சு. இனி மாத்துனா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். முகத்தை என்றால், கண்ணைச் சுற்றியிருக்கும் வெள்ளையை.

"கல்யாணத்துக்குள்ள நிறம் வந்துருச்சுன்னா, கனடாவுல இருந்து வந்துட்டான்னு கூட்டிட்டே போயிரலாம்" என்றாள்.

எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கும்.

மார்ச் 2

இன்று கனடா போனேன்.

இதைச் செய்யாமல் முடியாது என்று ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் எங்கள் கோபியிலேயே இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். நான் தெருவில் நடமாடினால் ஒரே நாளில் தெரிந்துவிடும். அதனால் காலையில் காரில் இரண்டு பெட்டிகளை ஏற்றினார்கள். ஒன்றில் பழைய போர்வைகள், இன்னொன்றில் ஒன்றுமில்லை. எதிர்வீட்டு ஜெயமணியக்கா வாசலுக்கு வந்தாள். அவள் வீட்டுக்காரர் பழனிச்சாமியண்ணன் வெல்டிங் பட்டறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன புள்ள, சொல்லவே இல்ல? அத்தாந்தூரம் தனியாவா போற?" என்று கேட்டு, ஓடிப்போய் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது. நான் கையாட்டினேன்.

சத்தியமங்கலம் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்திப் பகலைக் கழித்தோம். அப்பா இளநீர் வாங்கித் தந்தார். இருட்டிய பிறகு பின் சீட்டில் படுத்துக்கொண்டு திரும்பினேன். மேலே போர்வை.

வேலைக்கு வரும் மாராத்தாவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மார்ச் 12

மாடி அறைக்குப் பழகிவிட்டேன். ஒரு கட்டில், மேசை, குளியலறை. ஒரு கதவு மொட்டைமாடிக்கும் ஒரு கதவு படிக்கும் திறக்கிறது. தெருப் பக்கத்து ஜன்னலை மூடியே வைத்திருக்கிறோம். பகலில் மொட்டைமாடிக் கதவையும்.

மாலையில் நான்கு பிள்ளைகளுக்கு இணையத்தில் இயற்பியல் எடுக்கிறேன். கேமராவை அணைத்துவிட்டுத்தான். வர்ஷா என்ற பெண், "மிஸ், உங்க கேமரா இன்னுமா ரிப்பேர்?" என்று இன்றும் கேட்டாள். உதிரிப்பொருள் வரவேண்டும் என்றேன்.

ஹேமா கல்யாணக் களைக்காக முகமூடி ஒன்று வாங்கியிருக்கிறாள். வெள்ளை பிளாஸ்டிக். உள்பக்கம் முழுக்கச் சிவப்பு விளக்குகள். அதை மாட்டிக்கொண்டு என் கட்டிலில் மல்லாந்து படுத்தால், பொம்மைக்கடையிலிருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கிறாள். பக்கத்தில் நான் கறுப்புக் கண்ணாடியோடு கையில் ஊதா விளக்கைப் பிடித்துக்கொண்டு.

"அக்கா, இப்ப யாராச்சும் வந்து பாத்தா நம்மள என்னன்னு நினைப்பாங்க?" என்று முகமூடிக்குள்ளிருந்து கேட்டாள்.

இருவரும் கட்டில் ஆடும்படி சிரித்தோம். அம்மா கீழேயிருந்து, "சத்தம் வெளிய கேக்கப்போகுது!" என்றாள். ஹேமா சிரிப்பை நிறுத்தினாள். சிவப்பு விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன.

மார்ச் 26

தாடையில் இரண்டு மூன்று பழுப்புப் புள்ளிகள்! கடுகை விடச் சிறியவை. வெள்ளைக்கு நடுவில், மயிர்க்கால்களைச் சுற்றி. இப்படித்தான் வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே கீழே போய்ச் சாமி விளக்கை ஏற்றினாள்.

அந்தப் புள்ளிகள் வந்திருக்கவே வேண்டாம் என்று இன்று ஏனோ தோன்றியது. காரணம் எழுதத் தெரியவில்லை.

ஏப்ரல் 6

மாப்பிள்ளையின் அம்மா ரங்கநாயகி அம்மாளும் இன்னும் சிலரும் பத்திரிகை வாசகம் பேச வந்தார்கள். கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர், "மூத்த புள்ளகிட்ட நான் ஒரு வார்த்தை பேசவேயில்லையே, போன் போடுங்க" என்றிருக்கிறார். மேசையில் என் போன் அதிர்ந்தது. ஹேமா. எடுத்தால் வேறு குரல்.

"நல்லா இருக்கியா கண்ணு? அங்க இப்ப மணி என்ன?"

இங்கே பதினொன்று. மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். "இங்க நடுராத்திரி தாண்டிருச்சுங்க."

"அடடா, இன்னும் தூங்காமயா இருக்கற?"

"படிக்க வேண்டியது இருந்துச்சுங்க."

"குளிரு எப்படி?"

"இன்னும் பனி கரையலீங்க."

வேர்வை முதுகில் ஓடியது. அந்த அம்மாள் எனக்குக் கீழே, பன்னிரண்டு படி இறங்கினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். சத்தம் படி வழியாக இறங்கிவிடாதபடி போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு பேசினேன். அந்த நேரம் பார்த்துக் கீரைக்கார அம்மா தெருவில் வந்தாள். "அரக்கீர, சிறுகீர, மணத்தக்காளி" என்று அவள் ஒலிபெருக்கி இரண்டு தடவை கத்தியது.

ரங்கநாயகி அம்மாள் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "சரி கண்ணு, ஒடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டார்.

அவருக்குக் கேட்டிருக்காது. நல்ல மனுஷியாகத்தான் தெரிகிறது.

ஏப்ரல் 19

மின்சாரம் இல்லை. கீழே வாசல் கதவு திறந்திருந்ததால் இறங்க முடியவில்லை.

ஏப்ரல் 28

எல்லோரும் சேர்ந்து வெளியே போகும்போது வாசலில் பூட்டுப் போடுகிறார்கள். ஆள் இல்லாத வீடு என்றால் வெளியே பூட்டு தொங்க வேண்டுமே. உள்ளே நான் இருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் இதில் பயப்பட ஒன்றும் இல்லை. சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது.

இன்று மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கப் போனார்கள். கதவு இடுக்கில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மே 3

கல்யாணம் ஜூன் 5. அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. தாடையில் பாதிக்கு நிறம் வந்திருக்கிறது. கழுத்திலும் வந்திருக்கிறது. விரல்களில் ஒன்றும் காணோம். கண்ணைச் சுற்றி அப்படியே இருக்கிறது.

"பாக்கறவங்க மொதல்ல கண்ணத்தான பாப்பாங்க" என்கிறாள்.

"இமைக்கு வீட்டுல வேண்டாம்னு சொல்லியிருக்காங்கம்மா."

"அவங்க ஒரு வருஷம்னும்தான் சொன்னாங்க. நமக்கு ஒரு மாசந்தான இருக்குது?"

இப்போதெல்லாம் அம்மாதான் விளக்கைப் பிடிக்கிறாள். பின்கழுத்து எனக்கு எட்டாது என்று ஆரம்பித்தது. பொத்தானில் நேரம் வைக்க அவளுக்கு வரவில்லை. வாயால் எண்ணுகிறாள். அம்மா மெதுவாக எண்ணுகிறவள்.

மே 11

நாளை விடியலில் முகூர்த்தப் புடவை எடுக்க எல்லோரும் இளம்பிள்ளை போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் அங்கே வந்துவிடுவார்கள். மாலையில் அம்மா மேலே வந்தாள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

மே 15

நான்கு நாளைக்குப் பிறகு எழுதுகிறேன். எழுத்து வரி தாண்டிப் போகிறது.

அன்றைக்கு ராத்திரியே கண்ணில் மணலைக் கொட்டிய மாதிரி இருந்தது. முகம் எரிந்தது. விடியலில் இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டன. திறந்தால் ஊசி குத்துகிறது, கண்ணீர் கொட்டுகிறது, ஒன்றும் தெரியவில்லை. அம்மா கற்றாழையைப் பிளந்து சோற்றைக் கண்ணில் வைத்துக் கட்டினாள்.

"டாக்டர்கிட்டப் போகலாம்மா."

"பகல்ல எப்படிச் சாமி கூட்டிட்டுப் போறது? சாயந்திரம் இருட்டுனதும் போயிரலாம். சித்த பொறுத்துக்க."

படிக்கட்டில் ஹேமாவின் கொலுசு கேட்டது. பாதிப் படி வரை வந்தது, பிறகு இறங்கிவிட்டது. அப்பா கீழேயிருந்து, "அவங்க கெளம்பிட்டாங்களாம், வா" என்றார். கார் போன சத்தம். அதற்கு முன் பூட்டுச் சத்தம்.

எவ்வளவு நேரம் படுத்திருந்தேன் என்று தெரியாது. கற்றாழை காய்ந்து தோலை இழுத்தது. இனி பார்வை வராது என்று தோன்ற ஆரம்பித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஒளி கண்ணின் மேல்தோலைச் சுடும், ஆறிவிடும் என்று படித்ததெல்லாம் எனக்கே தெரியும். இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவளுக்குப் படித்தது உதவாது. போனைத் தடவி எடுத்து, அம்மாவைக் கூப்பிடச் சொல்லி அதனிடமே பேசினேன்.

அம்மா எடுத்தாள். பின்னால் புடவைக்கடை இரைச்சல். யாரோ, "இந்த மாம்பழக் கலர் பாருங்க" என்றார்கள்.

"அம்மா, ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. பயமா இருக்குது."

அவள் குரல் மாறியது. "அப்படியா கண்ணு, பரீட்சை நல்லா எழுது. நாங்க சாயந்திரம் பேசறோம். இங்க சம்பந்தியம்மாவெல்லாம் பக்கத்துல இருக்கறாங்க" என்றாள். அப்புறம் சத்தம் இல்லை.

போனைக் கட்டிலில் வைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக் கதவு வரை போனேன். தாழ்ப்பாள் இறுகியிருந்தது. திறந்ததும் வெயில் மூடிய இமைக்குள்ளும் குத்தியது. முந்தானையை முகத்தில் சுற்றிக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டே நடந்தேன். கைப்பிடிச் சுவர் சுட்டது. தெருவில் வெல்டிங் பட்டறைச் சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"ஜெயமணியக்கா!"

இரண்டாம் தடவை கத்தியபோது பட்டறைச் சத்தம் நின்றது.

"யாரது?"

"சுதாங்க்கா. சுதாமதி."

"சுதாவா? ஏம் புள்ள, கனடாவுல இருந்து எப்ப வந்த?"

"நான் போகவே இல்லீங்க்கா. இங்கதான் இருந்தேன். கண்ணு தெரியல. வெளிய பூட்டியிருக்குது."

தெரு முழுக்க ஒரு அமைதி. பிறகு அக்கா கத்தியது எனக்கு வாழ்நாளுக்கும் போதும்: "ஏனுங்க, என்ன பாத்துட்டு நிக்கறீங்க? அந்தக் கட்டரை எடுத்துட்டு ஓடுங்க!"

பூட்டு அறுபடும் சத்தம் அவ்வளவு நேரம் எடுக்கும் என்று நான் நினைத்ததில்லை. அக்கா படியேறி வந்து என்னைப் பிடித்தாள். என்ன, ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கூட்டரில் அண்ணன் ஓட்ட, நான் நடுவில், அக்கா பின்னால். "அண்ணன் இடுப்பப் புடிச்சுக்க" என்று அவள் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. கடைவீதி வழியாகத்தான் போனோம். யார் யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

கண் டாக்டர் சொட்டுமருந்து விட்டார். வலி அப்படியே விலகியது. இரண்டு மூன்று நாளில் பார்வை சரியாகிவிடும் என்றார். முகத்துக்குக் களிம்பு. கட்டுப் போட்டுக்கொண்டே, "விளக்கைப் பிடிச்சது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான். நேரத்தைத் தப்பா வெச்சுட்டேன்" என்றேன்.

அந்த நேரம் அறைக்குள் வேறு யாரோ மூச்சுவிட்டார்கள். அக்கா போனில் சொல்லி அம்மா வந்து நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

மே 16

ஹேமா மேலே வந்தாள். கட்டிலில் உட்காரவில்லை.

"ஒரு பகல் பொறுத்திருக்கக் கூடாதாக்கா?"

அவள் அழுதுகொண்டே இறங்கிப் போனாள். காங்கேயத்துக்குச் செய்தி பூட்டை அறுத்த அன்றைக்கு மாலையே போய்விட்டதாம்.

மே 18

வந்தார்கள். நவநீதன், ரங்கநாயகி அம்மாள், அவர் கணவர் நாச்சிமுத்து. அம்மா மேலே சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே இறங்கினேன். கண் சிவப்பு, முகத்தில் தோல் உரிந்து தொங்குகிறது. வெந்த இடமும் வெள்ளையும் பழுப்பும். கூடத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன்.

"வணக்கமுங்க."

நாச்சிமுத்து தலையைத் திருப்பிக்கொண்டார். நவநீதன் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"கனடான்னு சொன்னது யாருங்க?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

அப்பா, "அது வந்துங்க மாப்ளே..." என்று ஆரம்பித்தார்.

"நான்தான்" என்றாள் ஹேமா. கதவோரம் நின்றிருந்தாள். "நீங்க போன்ல, அக்காவுக்கு ஏன் இன்னும் ஆகலைன்னு கேட்டீங்க. பயந்துட்டேன். வாயில வந்ததைச் சொன்னேன். அப்பறம் அதுல இருந்து எறங்க முடியல."

நாச்சிமுத்து, "எங்க வம்சத்துல இந்த மாதிரி யாருக்கும் இல்லீங்க. நாளைக்குப் பொறக்கறதுக்கு வந்துச்சுன்னா?" என்றார். ஒட்டாது என்று அப்பா சொன்னார். அது கேள்விக்குப் பதில் இல்லை. குடும்பத்தில் சிலருக்கு வரலாம், பெரும்பாலும் வராது என்று டாக்டரம்மா சொன்னதை நான் சொன்னேன். உள்ளதைச் சொன்னால் கெடும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

ரங்கநாயகி அம்மாள் எழுந்து என் பக்கத்தில் வந்தார். "அன்னிக்குப் போன்லயும் கீரைக்காரி, தெருவுலயும் கீரைக்காரி. கனடாவுல மணத்தக்காளி விக்கறாங்களான்னு நினைச்சேன். மூத்த புள்ள எவனையாச்சும் புடிச்சுக் கட்டிட்டா போல, அதை மறைக்கறாங்கன்னு பேசாம இருந்துட்டேன்" என்றார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். "எரியுதா?"

"இப்பப் பரவாயில்லீங்க."

யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். போட்ட காபியை யாரும் குடிக்கவில்லை.

மே 20

களிம்பு போட்டுவிட அம்மா வந்தாள். போட்டுக்கொண்டே இருந்தவள், விரலை எடுக்காமல் சொன்னாள்.

"எண்ணி முடிச்சதுக்கு அப்பறமும் புடிச்சிருந்தேன் கண்ணு. இன்னொரு தடவை மொதல்ல இருந்து எண்ணுனேன். கூட வெச்சா கூட வரும்னு நினைச்சுட்டேன்."

"தெரியும்மா."

"தெரிஞ்சா ஏன் அந்த டாக்டர்கிட்ட நீதான்னு சொன்ன?"

அம்மாவைக் காப்பாற்ற என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. இரண்டாம் தடவை அவள் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நிறுத்து என்று சொல்லவில்லை. எனக்கும் நிறம் வேண்டியிருந்தது. கீழே இறங்க வேண்டியிருந்தது.

மே 24

தனியாக ஈரோடு போய் வந்தேன். டவுன் பஸ், ஜன்னல் ஓரம். டாக்டரம்மா கோபப்பட்டார். தோல் முழுசாக ஆறிய பிறகு, அடுத்த மாதம் மருத்துவமனையிலேயே மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார். மருந்துக்கடைப் பங்காளியிடமே களிம்பு வாங்கினேன். "சுதாவா! எப்ப வந்த?" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டுடோரியலில் இயற்பியலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். ஏறிக் கேட்டேன். ஜூலையில் வரச் சொன்னார்கள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. நடந்து நாளாகிவிட்டது.

மே 27

நாச்சிமுத்து அப்பாவுக்குப் போன் செய்தார். கல்யாணம் நடக்கட்டும். பத்திரிகை கொடுத்தாயிற்று, பையனும் பிடிவாதமாக இருக்கிறான். ஒன்றே ஒன்றுதான். மண்டபத்தில் மூத்த பெண் முன்னால் வர வேண்டாம். பந்திக்கூடத்தோடு இருந்துகொள்ளட்டும்.

அப்பா, "சரிங்க" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பியவர், நான் சமையலறை வாசலில் நிற்பதைப் பார்த்தார். கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஹேமாவுக்கும் தெரியும்.

ஜூன் 3

ஹேமா முகமூடியைப் போடுவதில்லை. நேற்று என் கட்டிலில் வந்து படுத்துக்கொண்டாள். சின்ன வயதில் படுப்பது போல முதுகைக் காட்டிக்கொண்டு.

"எனக்கு அவரைப் புடிச்சிருக்குதுக்கா" என்றாள்.

"தெரியும்."

"அதுக்காக உன்னைய..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். கோபம் போகவில்லை. கையும் நிற்கவில்லை.

ஜூன் 5

விடியும் முன்பே ஜெயமணியக்காவோடு மண்டபத்துக்குப் போனேன். அரக்குப் பட்டு. முகத்துக்கு ஒன்றும் போடவில்லை. உரிந்த தோலுக்குக் கீழே புதுத்தோல் பளபளவென்று இருக்கிறது. வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது.

வாசலில் வரவேற்பு மேசை போட்டிருந்தார்கள். சந்தனக் கிண்ணம், குங்குமம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. சித்தப்பா மகள் பூர்ணிமா தட்டோடு நின்றிருந்தாள்.

"நீ போய் டிபன் சாப்பிடு" என்று தட்டை வாங்கிக்கொண்டேன்.

"உன்னைய உள்ள..." என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜனம் வர ஆரம்பித்தது. "வாங்க, வாங்க" என்று தட்டை நீட்டினேன். தட்டைப் பிடித்திருந்த விரல்களில்தான் வெள்ளை அதிகம். எல்லோர் கண்ணும் முதலில் அங்கே விழுந்து, பிறகு முகத்துக்கு ஏறி, பிறகு வேறெங்காவது போயிற்று. ஒரு அம்மா சந்தனத்துக்கு நீட்டிய கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய்ப் பூவைச் சரிசெய்துகொண்டார். ஒருவருக்குச் சரியாக அந்த நேரம் போன் வந்தது. சிலர் எடுத்துக்கொண்டார்கள். சிலர் என் விரல் படாத ஓரமாகப் பார்த்து எடுத்தார்கள். ஒரு சின்னப் பெண் கற்கண்டை இரண்டு கையாலும் அள்ளினாள். அவள் அம்மா அவளை இழுத்துக்கொண்டு போனாள். எதற்காக இழுத்தாள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அப்பா உள்ளேயிருந்து வேகமாக வந்தார். "கண்ணு, நீ உள்ள..." என்றார். நான் அவரையே பார்த்தேன். அவர் வேட்டியைச் சரிசெய்தார். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பின்னால் போட்டார். "நின்னுட்டே இருந்தாக் கால் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உட்காரவில்லை.

ஹேமா காரிலிருந்து இறங்கினாள். தலை நிறையப் பூ, நடக்க முடியாத கனத்துக்கு நகை. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அவள் குனிந்து தட்டிலிருந்து சந்தனம் எடுத்துக் கழுத்தில் தடவிக்கொண்டாள்.

"போயிராதக்கா" என்றாள். உள்ளே போனாள்.

மேளச் சத்தத்தோடு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முன்னால் நாச்சிமுத்து. என்னைப் பார்த்ததும் அவர் நடை தளர்ந்தது. மேளக்காரர்கள் அவர் முதுகில் வந்து இடித்தார்கள்.

"வாங்க மாமா" என்று தட்டை நீட்டினேன். கிண்ணம் தட்டில் கடகடத்தது.

அவர் தட்டைப் பார்த்தார். தாண்டிப் போனார். நவநீதன் மாலையும் கையுமாக ஒரு நொடி தயங்கி, தலையை அசைத்துவிட்டுத் தன் அப்பாவின் பின்னால் போனார். ரங்கநாயகி அம்மாள் நின்றார். மூன்று விரலால் சந்தனத்தை வழித்து இரண்டு கையிலும் பூசிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இது அவருக்கு. உள்ள போய்ப் பூசிவிடறேன்" என்றார்.

அப்புறமும் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் என்று கொஞ்சநேரம் கவனித்துக்கொண்டிருந்தேன். பிறகு அது விட்டுப்போயிற்று. வாங்க, வாங்க என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிண்ணத்தில் சந்தனம் தீர்ந்துவிட்டது. பந்திக்கூடத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து, இன்னொரு பொட்டலம் பிரித்துக் கரைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றேன்.